ரீபோர் செய்த ஈஎக்ஸ்-5க்கு எந்த ஆயில்?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பாவின் பழைய ஹோண்டா ஈஎக்ஸ்-5 மோட்டார்சைக்கிள் எஞ்சினை முழுசா இறக்கி, போர் போட்டு (சிலிண்டர் துளையைக் கடைஞ்சு பெருசாக்கி), பிஸ்டன், ரிங், கேம் எல்லாம் மாத்தியாச்சு. இன்னும் ஸ்டார்ட் பண்ணலை. பட்டறை ஃபோர்மேன் ஃபுல்லி சிந்தெட்டிக் ஊத்தச் சொல்றார். தோட்டத்துல லோரி ஓட்டுற மாமா டீசல் ஆயிலே போதும்கிறார். எதை ஊத்துறது?"

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம், தம்பி. சாதாரண மினரல் ஆயில், 10டபிள்யூ-30 அல்லது 20டபிள்யூ-40 வாங்குங்கள். போத்தலின் பின்பக்கம் ஜாசோ (ஜப்பானிய ஆயில் தர முத்திரை) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். சிந்தெட்டிக்குக்கு எடுத்து வைத்த வெள்ளியில் இந்த மலிவு ஆயிலையே இரண்டு மூன்று முறை மாற்றிவிடலாம். புது எஞ்சினுக்கு அதுதான் பெரிய உபகாரம்.

போர் போட்ட சிலிண்டர் சுவரைச் சாய்த்துப் பார்த்தால், குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய ஹோனிங் கோடுகள் (தேய்ப்புக் கல் விட்ட கீறல்கள்) தெரியும். முதல் சில பத்துக் கிலோமீட்டரில் ரிங்குகள் அந்தக் கோடுகளின் முனைகளைத் தேய்த்துத் தங்களுக்கு இடம் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த இரும்புத்தூள் எல்லாம் ஆயிலில்தான் சேரும். கார்புரேட்டர் வைத்த ஈஎக்ஸ்-5க்குக் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. கம்பி வலை ஒன்றும், கிளட்சோடு சுழலும் ரோட்டர் ஒன்றும்தான். நுண்ணிய தூளை வெளியேற்ற ஆயிலை மாற்றுவதே வழி. (ரோட்டருக்குள் ஒட்டியிருந்த பழைய சேற்றைச் சுரண்டினாரா என்று ஃபோர்மேனிடம் கேட்டுவிடுங்கள். பலர் மறந்துவிடுகிறார்கள்.)

சிந்தெட்டிக் ஊற்றினால் ரிங் உட்காரவே உட்காராது என்பார்கள். அது முழு உண்மை இல்லை. தொழிற்சாலையிலிருந்தே சிந்தெட்டிக்கோடு வரும் கார்கள் உண்டு. ஆனால் நூறு கிலோமீட்டரில் கொட்டப் போகிற ஆயிலுக்கு ஏன் அந்த விலை?

மாமாவின் லோரி ஆயில் கெட்ட ஆயில் இல்லை. அழுக்கை நன்றாகவே சுமக்கும். சிக்கல் கிளட்சில். நம் மோட்டாரில் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கின்றன. தட்டு வழுக்காது என்பதைச் சோதித்துத் தருவதே ஜாசோ எம்ஏ முத்திரை. அது இல்லாத லோரி ஆயிலுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. 'எனர்ஜி கன்சர்விங்', 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்று போட்ட கார் ஆயிலை அறவே தொடாதீர்கள். ஸ்கூட்டருக்கான எம்பி ரகமும் இதற்கு ஆகாது.

"நம்ம வெயிலுக்கு 20டபிள்யூ-50தான்" என்று கடையில் யாராவது சொல்லக்கூடும். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கானது. நம் ஊரில் அது 10 ஆனாலும் 20 ஆனாலும் பெரிய வித்தியாசமில்லை. பின்னால் உள்ள எண்தான் சூட்டில் பேசும். புது எஞ்சினில் இடைவெளிகள் இறுக்கம், 50 தேவையில்லை.

அளவில் பலர் சறுக்குகிறார்கள். வழக்கமாக மாற்றும்போது இதற்கு 0.7 லிட்டர். முழுசாக இறக்கிய எஞ்சின் உள்ளே காய்ந்து கிடக்கும், சுமார் 0.9 லிட்டர் பிடிக்கும். கடையில் தரும் 800 மில்லி போத்தல் ஒன்று போதாது. ஆயில் அளவுக் குச்சியைத் திருகாமல், சும்மா வைத்து எடுத்து அளவு பாருங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் சாவியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, இருபது முப்பது உதை உதையுங்கள். பம்ப் ஆயிலை மேலே ஏற்றட்டும். பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்து, டேப்பெட் மூடியை (வால்வு பக்கம் உள்ள சிறு மூடி) திறந்து பாருங்கள். வால்வைத் தள்ளும் ராக்கர் பக்கம் ஆயில் நனைத்திருக்க வேண்டும். காய்ந்திருந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

சில பட்டறைகளில் காற்றாடியை முன்னால் வைத்து ஒரு மணி நேரம் சும்மா ஓடவிடுவார்கள். அது தப்பு. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தம் பின்னாலிருந்து தள்ளினால்தான் ரிங் சுவரோடு ஒட்டும். ஐட்லிங்கில் அந்த அழுத்தம் வராது. எஞ்சின் சூடானதும் குவாலா கங்சார் போகும் பழைய சாலைக்குக் கொண்டுபோங்கள். மூன்றாவது கியரில் வேகம் 30 கிலோமீட்டரிலிருந்து 50 வரை ஏற த்ரோட்டிலைத் திருகுங்கள், பிறகு முழுசாக விடுங்கள், தானாக வேகம் குறையட்டும். இப்படிப் பத்துத் தடவையாவது. நாலாவது கியரில் முக்கவிடாதீர்கள். முதல் 500 கிலோமீட்டர் வரை பின் சீட்டில் ஆளோ செம்பனைக் குலையோ ஏற்ற வேண்டாம்.

50இலிருந்து 100 கிலோமீட்டருக்குள் முதல் மாற்றம், எஞ்சின் சூடாக இருக்கும்போதே. வடித்த ஆயிலை வெயிலில் பிடித்துப் பாருங்கள்: வெள்ளிப் பொடிபோல் மினுங்கினால் சரி, நகத்தில் தட்டுப்படும் துண்டு வந்தால் வண்டியை ஓட்டாமல் ஃபோர்மேனிடம் காட்டுங்கள். அடுத்தது 500இல், பிறகு 1,000இல். அதற்குப் பின் சிந்தெட்டிக் ஆசை இருந்தால் ஊற்றிக்கொள்ளலாம். அதிலும் எம்ஏ முத்திரை வேண்டும். பழைய ஆயிலைக் கால்வாயில் கொட்டாமல் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

முதல் பத்து நிமிடம் கொஞ்சம் புகை வரும், பூட்டும்போது தடவிய ஆயில் எரிவது. 500 தாண்டியும் திருகும்போதெல்லாம் நீலப்புகை வந்தால் ரிங்கைச் சந்தேகியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்தால் வால்வு சீல்.