வாசகர் கேள்வி: ரக்பி வீரருக்கு பப் எதற்கு?

கேள்வி (காங்கேயம் வாசகர்): இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே ஒரு பப்பின் சுவரில் மீசை வைத்த ரக்பி வீரர் ஒருவரின் பழைய படத்தைப் பார்த்தேன். நாட்டுக்காக ஆடியவராம்; பிறகு அந்தக் கடையையே நடத்தினாராம். விக்டோரியா மகாராணி காலத்தில் பலரும் அப்படித்தான் என்று மகன் சொன்னான். அவ்வளவு பெயர் எடுத்தவருக்குக் கடைசியில் மதுக்கடைதானா கிடைத்தது?

பதில்: ஆடிய ஆட்டத்துக்கான கூலிதான் பல வேளைகளில் கடை வடிவில் வந்து சேர்ந்தது. 1871இல் லண்டனில் தொடங்கப்பட்ட ரக்பி சங்கம், 1886இல், ஆடுவதற்குக் காசு கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்தது. சொத்துள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த விதியால் நட்டமில்லை. வடக்கே கம்பளி ஆலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்தவர்களோ வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலியை இழந்தார்கள். ஷிப்டு போனால் சம்பளம் போயிற்று என்பதைக் கோவை, திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

விதியை மீறாமல் வீரரைத் தக்கவைத்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. பீர் ஆலை முதலாளி தன் பப் ஒன்றை அவரிடம் ஒப்படைப்பார். சனிக்கிழமை மைதானத்தில் அவரைப் பார்த்த கூட்டம் மாலையில் கடைக்கும் வரும். வருகிற இலாபம் வியாபாரத்தில் வந்ததே தவிர ஆட்டத்துக்கு வாங்கிய காசு ஆகாது. ஆனால் கட்டடம் பெரும்பாலும் ஆலைக்காரருடையது, அதற்கு வாடகை உண்டு, பீரையும் அவரிடமே வாங்க வேண்டும். பல்லடம் பக்கம் ஒப்பந்தக் கறிக்கோழி வளர்ப்பவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் உடனே பிடிபடும். அவர்களுக்குக் கொட்டகையாவது சொந்தம்.

இதில் டிக்கி லாக்வுட்டின் கதை மறக்க முடியாதது. 1867இல் வேக்ஃபீல்டுக்கு அருகே கிரிகில்ஸ்டோன் என்ற ஊரில் பிறந்தவர். ஆள் குள்ளம், ஆட்டமோ அபாரம். 1887இல், 19 வயதில், இங்கிலாந்து அணிக்கு வந்து 14 ஆட்டங்கள் ஆடினார். உழைப்பாளி ஒருவர் அந்த அணிக்குத் தலைமை தாங்குவது அரிதாயிருந்த காலத்தில், 1894இல், தலைவராகவும் ஆனார். இடையில், காசு வாங்கினார் என்ற புகாரில் யார்க்‌ஷயர் ரக்பி நிர்வாகிகள் அவரைக் கூப்பிட்டு விசாரித்து, குற்றம் நிரூபணமாகாமல் விட்டுவிட்டார்கள். இழந்த கூலியை மட்டுமாவது ஈடுகட்டலாம் என்று வடக்கத்திய கிளப்புகள் 1893இல் கொண்டுவந்த தீர்மானம், 136க்கு 282 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய கிளப்புகள் பிரிந்து தனிச் சங்கம் கண்டன. வேலையை விட்டு ஆட வருபவருக்கு நாளொன்றுக்கு 6 ஷில்லிங் வரை தரலாம் என்றன. பின்னாளில் ரக்பி லீக் என்ற தனி வகை ரக்பியாக வளர்ந்தது அதுதான். லாக்வுட்டும் அந்தப் பக்கமே போய், வேக்ஃபீல்ட் டிரினிட்டி அணிக்கு ஆடினார்.

ஹெக்மண்ட்வைக் என்ற ஆலை ஊரில் அவரும் பப் நடத்தினார். கூட்டத்தை இழுக்கும் பெயர் இருந்தும் தொழில் நிற்கவில்லை. 1897இல் நொடித்துப்போனார், கடனுக்காக வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்கள் விலை போயின. 1915இல் இறந்தபோது ஐம்பது வயதைத் தொட்டிருக்கவில்லை. பந்தை ஏந்தி ஓடத் தெரிந்தவருக்குக் கடன் கணக்கும் தெரிந்திருக்கும் என்று ஆலைக்காரர்கள் எப்படி நம்பினார்களோ!

கேள்வி (உடுமலை வாசகர்): அப்படியானால் பப் நடத்துவது அங்கே இழிவாகக் கருதப்படவில்லையா?

பதில்: நம்மூர்க் கள்ளுக்கடையை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். மதுவிலக்குக்காரர்கள் அங்கும் முகம் சுளித்தார்கள்தான். ஆனால் பப் உரிமத்தை மாஜிஸ்திரேட்டுகளே வழங்கினார்கள். நடத்துபவரின் நடத்தையையும் பார்த்தார்கள். சொந்த மைதானத்தில் உடை மாற்றும் அறைகூட இல்லாத கிளப்புகளுக்கு அந்த அறையும் கமிட்டி கூடும் இடமும் பப்தான். சுரங்கத்துக்குள் இறங்கிய ஒருவர் அதன் கல்லாவில் உட்கார்ந்தால், ஊர் அவரை ஒரு படி ஏறியவராகவே பார்த்தது.