‘எனக்குத் தகுதியில்லை’ என்னும் மகளின் பெற்றோருக்கு

சென்ற வாரம் நீங்கள் இருவரும் மகளை அழைத்துக்கொண்டு வந்தபோது என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “உன்னால் முடியும் என்று நீங்களாவது சொல்லுங்கள்.” கணினி அறிவியலில் நான்காம் பருவம் படிக்கிறாள், எந்தப் பாடத்திலும் தோல்வியில்லை. ஆயினும் தனக்கு இடம் கிடைத்ததே ஏதோ தவறுதலால்தான், அது ஒருநாள் வெளிப்பட்டுவிடும் என்று தேர்வுக்கு முன்பெல்லாம் உறங்காமல் கிடக்கிறாள். நீங்கள் கேட்ட வாக்கியத்தை நான் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளாக வீட்டில் எல்லாரும் அதைத்தான் சொல்லி வருகிறீர்கள். அதனால் பயன் இருந்திருந்தால் என்னிடம் வந்திருக்க மாட்டீர்கள்.

அவள் விவரிப்பதற்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்ற பெயர் இன்று பரவலாக வழங்குகிறது. 1978-இல் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்னும் உளவியலாளர்கள், சாதித்த பெண்கள் பலரிடம் இதைக் கண்டு எழுதியபோது அதற்கு நோய்ப்பெயர் சூட்டவில்லை. மதிப்பெண் வந்தால் அதிர்ஷ்டம், வராவிட்டால் தன் இயலாமை என்று கணக்கு எழுதும் மனம், பாராட்டு வரும்போதெல்லாம் ‘இவர்களையும் ஏமாற்றிவிட்டேன்’ என்று இன்னும் கொஞ்சம் அஞ்சும். தன்னால் முடியும் என்னும் நம்பிக்கை நான்கு வழிகளில் பிறப்பதாக உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதினார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைக் காண்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், உடலின் பதற்றமோ அமைதியோ. இவற்றுள் முதலாவதே வலியது. நாம் வாரி வழங்குவதோ மூன்றாவதை.

இனிச் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது. அவளுடைய மாமா, கடன் வாங்கியாவது பெரிய பெயருள்ள ஒரு கல்வி நிறுவனத்தில் முதுநிலை படிக்கவைத்தால் தன்னம்பிக்கை தானாக வந்துவிடும் என்கிறார். வராது. ஒரே அளவு திறமையுள்ள இருவரில், கெட்டிக்காரர்கள் நிறைந்த வகுப்பில் சேர்ந்தவர் தன்னைத் தாழ்வாக மதிப்பிட்டுக்கொள்ளும் போக்கைப் பற்றிக் கல்வி உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1984 முதலே எழுதி வந்திருக்கிறார். பள்ளியில் முதலிடத்தில் இருந்தவள் இன்று நடுவரிசையில் இருக்கிறாள். அங்கே போனால் அந்த ஒப்பீடு மேலும் கடுமையாகும். தோற்றுவிடுவோமோ என்று நடுங்கும் பிள்ளையின் தோளில், தோற்கவே இடம்தராத ஒரு கடனை ஏற்றாதீர்கள். அந்தக் கடன் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம். தவணை கட்டப்போவது மாமா அல்லர். இதுவரை கட்டிய கட்டணமும் அவள் தொடர்ந்தாலும் விலகினாலும் திரும்பி வராது என்பதால், அதை அடுத்த முடிவின் கணக்கில் சேர்ப்பது தவறு.

அதற்காக, பயம் வந்தவுடன் பாடத்தை மாற்றுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. பயம் மட்டும் காரணமென்றால் அது அடுத்த வகுப்புக்கும் கூடவே வரும். அவள் மனம் எங்கே தானாகச் சாய்கிறது என்பதுதான் கேள்வி. நாம் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவள் என் மேசைக் கடிகாரத்தையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவனமில்லை என்று நீங்கள் அதட்டினீர்கள். புறப்படும்போது அவள் கேட்டாள்: “இது நான்கு நிமிடம் பின்தங்கியிருக்கிறது. எதனோடு ஒப்பிட்டு இதைத் திருத்துவீர்கள்?” இரண்டு மணி நேரத்தில் அவள் தயங்காமல் பேசிய வாக்கியங்கள் இவை மட்டுமே.

அந்தக் கேள்வியையே தொழிலாகக் கொண்ட துறை ஒன்று உண்டு: காலிபிரேஷன் எனப்படும் அளவுத்திருத்தம். மருத்துவமனையில் மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் பம்ப், மருந்து ஆலையின் தராசு, கொதிகலனின் அழுத்தமானி ஆகிய ஒவ்வொன்றும் காட்டுவது சரியா என்று, அதைவிடத் துல்லியமான கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எடைக்கற்களை வெறுங்கையால் தொடமாட்டார்கள்; விரலின் எண்ணெய்ப்பசையே எடையைக் கூட்டிவிடும். நீளம் அளப்பதற்கான பொது வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் என்பதால், அளக்கும் பொருள் அறையின் வெப்பத்துக்கு வரும்வரை காத்திருப்பார்கள். அழுத்தமானி காட்டும் அளவை, அழுத்தத்தை ஏற்றும்போது ஒருமுறை, இறக்கும்போது ஒருமுறை படிப்பார்கள். கருவி பிழையாகக் காட்டினால் யாரும் வெட்கப்படுவதில்லை. வந்தபோது காட்டிய அளவு, திருத்திய பின் காட்டிய அளவு இரண்டையும் பதிவு செய்கிறார்கள். சான்றிதழில் விடையோடு, அந்த விடையில் எவ்வளவு ஐயம் மிச்சமிருக்கிறது என்பதையும் எண்ணாக எழுத வேண்டும். இத்தகைய ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 என்னும் பன்னாட்டுத் தரநிலை அதைக் கோருகிறது. ஒரே கணக்கை மூன்று முறை சரிபார்க்கிறாள் என்று நீங்கள் குறைப்பட்ட பழக்கம் அங்கே வேலையின் இலக்கணம். மேலும், தன் கையால் செய்தது சரியா என்பதை அங்கே கருவியே சொல்லிவிடும். அதை ‘அதிர்ஷ்டம்’ என்று அவளால் தள்ளிவிட முடியாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கச் சம்பளம் மென்பொருள் வேலையைவிடப் பெரும்பாலும் குறைவு. ஒரே வகைக் கருவியை நாளெல்லாம் சோதிக்க நேரும். உறவினரிடம் வேலையின் பெயரைச் சொன்னால் விளக்கம் கேட்பார்கள். அது உங்கள் சங்கடம், அவளுடையதன்று.

ஆகவே இந்த விடுமுறையில் ஆறு வாரம் அவள் ஓர் அளவுத்திருத்த ஆய்வகத்தில் பயிற்சிக்குச் செல்லட்டும். தினமும் தான் செய்ததையும் பிழைத்ததையும் இரண்டு வரி எழுதட்டும். பிடித்துப்போனால் கருவியியல் பொறியியலுக்கு மாறலாம். ஆனால் இதுவரை முடித்த பாடங்களில் எவை அங்கே கணக்கில் கொள்ளப்படும் என்பதை எழுத்தில் வாங்காமல் எதையும் விட்டு விலகக் கூடாது. பிடிக்கவில்லையென்றால் இந்தப் பட்டத்தையே முடிக்கட்டும், கடன் இல்லாமல். இதற்கிடையில் உறக்கமின்மை நீடித்தாலோ, வாழ்வே வேண்டாம் என்பதுபோல் ஒரு சொல் வந்தாலோ, என்னிடம் அல்ல, உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அடுத்த முறை வரும்போது முதல் அரைமணி நேரம் நீங்கள் வெளியே காத்திருங்கள். கடந்த முறை நான் அவளிடம் கேட்ட பன்னிரண்டு கேள்விகளில் ஒன்பதுக்கு நீங்கள்தான் பதில் சொன்னீர்கள்.