ஆடுகளப் புல்தரைக்குச் சென்சார் வரைபடம்: எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

கேள்வி: எங்கள் சங்கத்தின் கால்பந்து மைதானத்தில் கோல் கம்பங்களுக்கு முன்னால் உள்ள புல் அடிக்கடி அழிந்துபோகிறது. ட்ரோனாலும் சென்சார்களாலும் தரையை அளந்து வண்ண வரைபடம் தருவதாக ஒரு நிறுவனம் விலைப்புள்ளி அனுப்பியுள்ளது. அந்தச் சேவையைப் பெறலாமா, கருவிகளையே வாங்கிவிடலாமா?

பதில்: எதை, எத்தனை இடங்களில், எந்த ஆழத்தில் அளக்கப்போகிறார்கள் என்பது விலைப்புள்ளியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், தயவுசெய்து கையெழுத்திட வேண்டாம்.

ட்ரோன் படத்திலிருந்து பெரும்பாலும் கிடைப்பது என்.டி.வி.ஐ. எனும் பசுமைக் குறியீடு. இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சுவதையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புவதையும் ஒப்பிட்டு அது கணிக்கப்படுகிறது. புல் எங்கே மெலிந்திருக்கிறது என்று அது காட்டும். நீர்க்குறைவாலா, நோயாலா, மிதிபட்டதாலா என்று பிரித்துச் சொல்லாது. கோல் முன்னால் புல் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். காரணத்தை அறிய மண்ணுக்குள் அளக்க வேண்டும்: ஈரப்பதத்துக்கு டி.டி.ஆர். எனும் ஈரப்பதமானி, மண் இறுக்கத்துக்குப் பெனட்ரோமீட்டர் (மண்ணுக்குள் கம்பியை அழுத்தி, மண் காட்டும் எதிர்ப்பை அளப்பது), தரையின் கடினத்தன்மைக்குக் கிளெக் சுத்தியல். இவற்றில் கடைசியானது, 2.25 கிலோ எடையை 45 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, தரையில் மோதும்போது அது எவ்வளவு திடீரென நிற்கிறது என்பதை அளக்கும். விழும் ஆட்டக்காரரின் உடல் தாங்கும் அதிர்ச்சியோடு தொடர்புடையது என்பதால் இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். காய்ந்த மண் இறுகியதாகவே காட்டும் என்பதால், இறுக்கமும் கடினத்தன்மையும் அளக்கப்படும் அதே நாளில் ஈரப்பதமும் பதிவாக வேண்டும்.

அடுத்தது புள்ளிகளின் எண்ணிக்கை. 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட களத்தின் பரப்பு 7,140 சதுர மீட்டர். அதில் 20 இடங்களில் மட்டும் அளந்தால், ஒவ்வோர் அளவும் 350 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்புக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கோல் பகுதியின் பரப்போ சுமார் 100 சதுர மீட்டர்தான். அங்கே ஒரு புள்ளிகூட விழாமல் போகலாம், ஆனாலும் மென்பொருள் அந்த இடத்தை அக்கம்பக்கத்து அளவுகளைக் கொண்டு கணித்து அழகாக நிறம் தீட்டிவிடும். பத்து மீட்டர் இடைவெளி என்றால் எழுபது புள்ளிகளுக்கு மேல் வரும். கோல் முன்னால் இன்னும் நெருக்கமாக அளக்கச் சொல்லுங்கள்.

நிறங்களை நம்பும் முன், எந்த நிறம் எந்த எண்ணைக் குறிக்கிறது என்ற அளவுகோலைப் படியுங்கள். ஈரப்பதம் 24 முதல் 28 சதவீதம் வரை மட்டுமே மாறும் களத்திலும், மென்பொருள் குறைந்த அளவைச் சிவப்பாகவும் கூடிய அளவை நீலமாகவும் காட்ட முடியும். ஆகவே படத்துடன் ஒவ்வொரு புள்ளியின் எண்ணும் இடக்குறிப்பும் அட்டவணையாக உங்களுக்குச் சொந்தமாகக் கிடைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். மண்ணைத் துளையிட்டுத் தளர்த்திய பின் அதே புள்ளிகளை மீண்டும் அளக்கவும் அதில் இடம் இருக்கட்டும். சாதாரண ஜி.பி.எஸ். சில மீட்டர்கள் பிசகக்கூடும் என்பதால், கோல் கம்பத்திலிருந்து நாடாவால் அளந்து குறித்த புள்ளிகளே உங்களுக்குப் போதும்.

கருவி வாங்குவதானால் ஈரப்பதமானி ஒன்றை மட்டும் வாங்குங்கள். ஈரம் அன்றாடம் மாறுவது, பாசனத்தை அதைப் பார்த்தே முடிவு செய்யலாம். ஈரத்தால் வரும் மாற்றத்தை விட்டுவிட்டால் இறுக்கமும் கடினத்தன்மையும் மெல்ல மாறுபவை, பருவத்துக்கு ஓரிரு முறை சேவையாகப் பெற்றால் போதும். முழுக் களத்துக்கும் பணம் செலுத்துவதற்கு முன், இரண்டு கோல் பகுதிகளையும் புல் நன்றாக வளர்ந்துள்ள ஓர் இடத்தையும் மட்டும் அளந்து காட்டும்படி கேளுங்கள்.