தலைப்பு அகலமாக இருக்கிறதாம்!

கேள்வி: எம்.பி.ஏ. ப்ராஜெக்டுக்கு ‘நீலகிரி தேயிலைத் தொழிலின் பிரச்சினைகள்’ என்று தலைப்பு கொடுத்தேன். ரொம்ப அகலம் என்று கைடு திருப்பிவிட்டார். எத்தனை பேரிடம் சர்வே எடுப்பது?
– வாசகி, கோத்தகிரி

பதில்: கைடு சொன்னது சரி. ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள்: சிறு விவசாயி பச்சைத் தேயிலையைக் கூட்டுறவு ஆலைக்குப் போடுவதா, தனியார் ஆலைக்கா என்பதை எது தீர்மானிக்கிறது? விலையா, பணம் கைக்கு வரும் வேகமா, முன்பணமா? எதை அளப்பது என்பது இதிலேயே தெளிவாகிவிடும்.

எண்ணிக்கைக்கு முன் விவசாயிகளின் பட்டியல் வேண்டும். அதில் 400 பேர் இருந்தால், 95% நம்பிக்கை அளவு, 5% பிழை வரம்புக்கு (அதாவது நூறு முறை சர்வே எடுத்தால் சுமார் 95 முறை விடை உண்மையிலிருந்து 5 சதவீதப் புள்ளிக்குள் இருக்க) 197 பேர் போதும். குலுக்கல் முறையில் எடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். ஆலை வாசலில் நின்று கேட்டால் அந்த ஆலைக்குப் போடுபவர்தான் கிடைப்பார். இலையை இடையில் வாங்கிப் போகும் ஏஜென்ட்டிடம் கொடுப்பவர் விடுபட்டுப்போவார். ஒப்பிட ஆளே இல்லாமல் ஆய்வு படுத்துவிடும்.

‘விலையும் எடையும் திருப்தியா?’ என்று சேர்த்துக் கேட்காதீர்கள். விலையில் திருப்தி, எடையில் கோபம் என்பவர் எதை டிக் செய்வார்? போன வருஷ வருமானத்தை ஞாபகத்திலிருந்து கேட்பதும் வேண்டாம். போன மாத பில்லை வாங்கிப் பாருங்கள். முதலில் 20 பேரிடம் கேள்வித்தாளைச் சோதியுங்கள். அவர்களை இறுதிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.