மினி கூப்பர் எஸ், போலோ ஜிடிஐ, ஃபியஸ்டா எஸ்டி: பிரிட்டனில் பழையது வாங்கப்போகும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வி இதுதானே: பிரிட்டனுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, ஆறாயிரம் பவுண்டுக்குள் ஓட்டுவதற்கு விறுவிறுப்பான சின்ன கார் வேண்டும். 2009 மினி கூப்பர் எஸ், 2012 போலோ ஜிடிஐ, 2014 ஃபியஸ்டா எஸ்டி மூன்றும் எழுபதாயிரம் மைலுக்குள் ஓடியவையாகக் கிடைக்கின்றன. எதை நம்பி வாங்கலாம்?

மூன்றில் ஒன்று என்றால் ஃபியஸ்டா எஸ்டி. மற்ற இரண்டும் ஓட்டிப் பார்த்தால் மயக்கிவிடும், ஆனால் அந்தக் குறிப்பிட்ட ஆண்டு மாடல்களை வேண்டாம் என்றுதான் சொல்வேன். இந்த வகைக் கார்களில் மைல் கணக்கு இரண்டாம்பட்சம். உள்ளே இருப்பது எந்த எஞ்சின், அதற்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றினார்கள் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. மூன்றிலும் இருக்கும் டர்போவின் (வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவியின்) தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றி எண்பதாயிரம் ஓடிய வண்டி, மூன்று வருடம் மாற்றாமல் நாற்பதாயிரம் ஓடிய வண்டியைவிட எவ்வளவோ மேல்.

மினியில் 2007 முதல் 2010 வரை வந்த கூப்பர் எஸ்ஸில் இருப்பது என்14 எஞ்சின். அதன் டைமிங் செயினை (வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் சங்கிலியை) இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. இந்த எஞ்சினுக்கு ஆயில் குடிக்கும் பழக்கமும் உண்டு. டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பியை) தொட்டே பார்க்காத ஆளிடம் வண்டி இருந்தால் ஆயில் அளவு இறங்கும், டென்ஷனர் தளரும், செயின் பிளாஸ்டிக் கைடுகளில் அடிக்கும். கைடு உடைந்து செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதோடு எஞ்சின் கதை முடிந்தது. இது போதாதென்று ஹை பிரஷர் ஃபியூயல் பம்ப் போவது, தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் கூலன்ட் கசிவது, இன்டேக் வால்வில் கரி படிவது என்று வரிசையாக வரும். பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் இன்டேக் வால்வுகள் பெட்ரோலில் கழுவப்படுவதே இல்லை, அதனால்தான் கரி சேர்கிறது. மினிதான் வேண்டும் என்று மனது அடம்பிடித்தால் 2010 இறுதிக்குப் பிறகு வந்த என்18 எஞ்சினைத் தேடுங்கள். கரி அதிலும் படியும், ஆனால் மற்ற தொல்லைகள் குறைவு.

2012 போலோ ஜிடிஐயில் இருப்பது சூப்பர்சார்ஜரும் (எஞ்சினின் சுழற்சியாலேயே காற்றைத் திணிப்பது) டர்போவும் சேர்ந்த 1.4 டிஎஸ்ஐ. ஆயில் குடிப்பதற்கும் பிஸ்டன் உடைவதற்கும் பேர்போனது. கூடவே வரும் ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், உலர் கிளட்ச் வகை. டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது முதல் இரண்டு கியருக்கிடையே உதறும், கியர் மாற்றத்தை இயக்கும் அதன் மெக்கட்ரானிக்ஸ் யூனிட் போனால் செலவு பெரிது. அதே காலத்து ஸ்கோடா ஃபேபியா விஆர்எஸ், சியட் இபிசா குப்ராவிலும் இதே ஜோடிதான், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2015 முதல் வந்த 1.8 போலோ ஜிடிஐ வேறு எஞ்சின். அதில் மேனுவல் கியரும் கிடைக்கும்.

ஃபியஸ்டா எஸ்டியின் 1.6 ஈகோபூஸ்ட் உறுதியான எஞ்சின். ஆனாலும் மூன்று விஷயம் கேட்க வேண்டும். கூலன்ட் குறைந்து அதிகம் சூடாகி சிலிண்டர் ஹெட் விரிசல் விடும் ஆபத்துக்காக இந்த எஞ்சினுக்கு ரீகால் (கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) வந்தது. அந்த வேலை முடிந்ததா என்று பதிவு எண்ணைச் சொல்லி ஃபோர்டு டீலரிடமே கேட்டுவிடலாம். அடுத்தது டைமிங் பெல்ட். 2014 வண்டிக்கு வயதுக் கணக்கிலேயே மாற்றும் காலம் வந்துவிட்டது, ரசீது இல்லாவிட்டால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். மூன்றாவது ரீமேப், அதாவது சக்தியைக் கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எஸ்டி-லைன் என்று எழுதியிருக்கும் 1.0 ஃபியஸ்டா பார்க்க எஸ்டி மாதிரியே இருக்கும். அது வேறு வண்டி. அந்தக் காலத்து 1.0 எஞ்சினில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. பெல்ட் உதிர்ந்து, அந்தத் துகள் ஆயில் பம்பின் சல்லடையை அடைத்து, ஆயில் அழுத்தம் இல்லாமல் எஞ்சின் செத்துப்போவது இங்கே மெக்கானிக்குகள் அடிக்கடி பார்க்கும் காட்சி.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றையும் பாருங்கள்: 2012 முதல் 2017 வரை வந்த சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். டர்போ கிடையாது, 1.6 எஞ்சின், டைமிங் செயின், 136 குதிரைத்திறன். எஸ்டி அளவுக்குத் தள்ளாது, ஆனால் கெட்டுப்போக அதில் இருப்பதே குறைவு. இங்கே இது முதல் கார் என்றால் என் ஓட்டு அதற்குத்தான்.

காரைப் பார்க்கப் போகும் முன் பதிவு எண்ணைப் போட்டு அரசுத் தளத்தில் எம்ஓடி (வருடாந்தர சாலைத் தகுதிச் சோதனை) வரலாற்றைப் படியுங்கள், இலவசம். பாஸ், ஃபெயில் என்பதோடு நிறுத்தாமல் அட்வைசரி (ஃபெயில் ஆக்காத, ஆனால் கவனிக்க வேண்டிய குறைகள்) வரிகளை வருட வாரியாக ஒப்பிடுங்கள். ஒரு வருடம் "முன் டயர்கள் தேய்ந்துள்ளன" என்று இருக்கும். அடுத்த வருடமும் அதே வரி. மூன்றாம் வருடம் அதே டயரால் ஃபெயில். டயருக்கே காசு செலவழிக்காதவர் ஆயிலுக்குச் செலவழித்திருப்பாரா? மைல் எண்களையும் பாருங்கள்: திடீரெனக் குறைந்தால் மீட்டரில் கைவைத்திருக்கலாம். வருடத்துக்கு ஆயிரம் மைல் மட்டுமே ஓடியிருந்தால் எஞ்சின் முழுச் சூடாகாத குட்டிப் பயணங்களாகவே இருந்திருக்கும், அதுவும் நல்லதல்ல. பிரேக் பைப்பில் துரு, சப்ஃப்ரேமில் (அடியில் உள்ள தாங்குசட்டத்தில்) துரு என்ற வரிகளுக்கு நம் ஊரிலிருந்து வந்தவர்கள் கூடுதல் கவனம் கொடுக்க வேண்டும். பனிக்காலத்தில் இங்கே சாலையில் உப்புத் தூவுகிறார்கள், மேலே பளபளக்கும் வண்டியின் அடிப்பகுதி அரித்துப் போயிருக்கும்.

"நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் டிப்ஸ்டிக். பிறகு சாவியைத் திருப்பி, எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறதா பாருங்கள். எரியவே இல்லை என்றால் யாரோ அதைத் துண்டித்திருக்கிறார்கள். முதல் பத்து விநாடி பேச்சை நிறுத்திக் காது கொடுங்கள். டீசல் வண்டி போலக் கடகடத்து அடங்கினால் செயின். ஐடிலில் வரும் கரகரப்பு கிளட்சை மிதித்ததும் நின்றால் டூயல் மாஸ் ஃப்ளைவீலோ (எஞ்சின் அதிர்வைத் தணிக்கும் கனமான சக்கரம்) கியர்பாக்ஸ் பேரிங்கோ தேய்ந்திருக்கும். ஓட்டும்போது நாலாம் கியரில் 1,500 சுற்றிலிருந்து ஒரேயடியாக ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. சின்ன ஓபிடி ரீடர் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுக் கோடுகளைப் படிக்கும் கருவி) ஒன்றையும் செருகிப் பாருங்கள். கோடு எதுவும் இல்லை, ஆனால் ரெடினஸ் சோதனைகள் (வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள்) பல முடியவில்லை என்று காட்டினால் சமீபத்தில் கோடுகளை அழித்திருக்கலாம்.

ரீமேப் செய்து, விற்கும்போது பழையபடி மாற்றிய வண்டிகள் நிறைய. டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாய்களின் கிளிப்புகளைப் பாருங்கள். கம்பெனி ஸ்பிரிங் கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூ கிளாம்ப் இருந்தால் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். சொல்லாத மாற்றம் ஒன்று இருந்தாலும் விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடலாம்.

இன்சூரன்ஸ் விலையை, வண்டியைப் பார்க்கும் முன்பே பதிவு எண்ணோடு கேட்டு வையுங்கள். இந்திய லைசென்ஸுக்கு ப்ரீமியம் எகிறும். அந்த லைசென்ஸில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்ட முடியும், உங்களுக்கு நாலு மாதம் மிச்சம். ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் பாஸ் செய்தால் மேனுவல் ஓட்ட முடியாது. எஸ்டியும் ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டும் மேனுவல்தான்.

டீலரிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான வண்டியை 30 நாளுக்குள் திருப்பித் தரலாம். தனியாளிடம் அந்த உரிமை இல்லை, அவர் சொன்னபடி வண்டி இருந்தால் போதும். தனியாளிடம் வாங்குவதானால் ஃபைனான்ஸ் பாக்கி, திருட்டு, கேட் எஸ் (கட்டமைப்பில் சேதம்), கேட் என் (கட்டமைப்பு அல்லாத சேதம்) விபத்துப் பதிவு எல்லாம் காட்டும் ஹிஸ்டரி செக்குக்குக் கட்டாயம் காசு கொடுங்கள். வி5சி என்னும் வண்டிப் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் முகவரியில்தான் வண்டியும் நிற்க வேண்டும், புத்தகம் பிறகு வரும் என்றால் பணமும் பிறகுதான். முன்னவர் கட்டிய ரோடு டாக்ஸ் உங்களுக்கு மாறாது. வி5சியிலிருந்து புதியவருக்குக் கிழித்துத் தரும் பச்சைச் சீட்டில் உள்ள எண்ணை வைத்து அங்கேயே நின்று போனில் டாக்ஸ் கட்டி, இன்சூரன்ஸும் தொடங்கிய பிறகே வண்டியை எடுங்கள்.