குளித்த பிறகும் புரோபெனோபாஸ் வாடை போகவில்லை என்றால்

பயிருக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியான புரோபெனோபாஸைக் கலக்கும்போது அப்பாவின் வேட்டியில் கொட்டிவிட்டது, குளித்தும் வாடை போகவில்லை என்கிறீர்கள். தேங்காய் எண்ணெய் தேய்க்கவே தேய்க்காதீர்கள். இந்த மருந்து எண்ணெயில் கரையும், தோலுக்குள் இன்னும் வேகமாக இறங்கும். சாதாரண சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வழி. பீர்க்கங்காய் நாரால் அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம், தோல் உரிந்தால் விஷம் உள்ளே போக அதுவே பாதை.

வேட்டியில் கொட்டியது என்பதால், அப்பா அரைஞாண் கயிறு கட்டியிருக்கிறாரா பாருங்கள். எனக்குச் சந்தேகம் அதன் மேல்தான். குளிக்கும்போது யாரும் அதைக் கழற்றுவதில்லை. மருந்தில் ஊறிய நூல் இடுப்பிலேயே கிடக்கும். வெட்டி எடுத்துவிடுங்கள். தோல் பெல்ட், தோல் செருப்பு நனைந்திருந்தால் அவையும் போகட்டும், கழுவிச் சுத்தமாகாது.

பிறகு 15 நிமிடம் மறுபடி குளிக்கச் சொல்லுங்கள். தலைமுடி, காதுமடல், தொப்புள், நக இடுக்கு, முக்கியமாகத் தொடையிடுக்கு. இதே வகைப் பூச்சிக்கொல்லியான பாரத்தியான் வைத்துச் செய்த பழைய சோதனையில் விரைப்பையின் தோல் முன்கையைவிடப் பத்து மடங்குக்கு மேல் உறிஞ்சியது. உதவி செய்பவர் ரப்பர் கையுறை போடட்டும்.

வாடை போனால் விஷம் போனதாக அர்த்தமில்லை, வாடையில் ஒரு பங்கு மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் திரவத்தினுடையது. கண்மணியைப் பாருங்கள். நிழலிலும் கடுகளவுக்குச் சுருங்கியிருந்தாலோ, வியர்வை, எச்சில், வாந்தி, தசைத் துடிப்பு இருந்தாலோ உடனே 108. மருந்துப் புட்டியின் லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அட்ரோபின் என்ற மாற்று மருந்து போட மருத்துவருக்கு உதவும். தோல் வழியாக ஏறுவது பல மணி நேரம் கழித்தும் காட்டும். இன்று இரவு அவரைத் தனியாகப் படுக்க விடாதீர்கள்.

அந்த வேட்டியைத் துவைக்கவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். கலக்காத மருந்து ஊறிய துணி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.