சீனத்தில் பின்னமும் சதவீதமும்: யிவூ சந்தைக்குப் புதிதாக வந்தவருக்கு

தம்பி, சீனாவின் யிவூ மொத்த விற்பனைச் சந்தையில் தள்ளுபடியும் கமிஷனும் பேசும்போது கணக்கு தலைகீழாகப் போகிறது என்று கேட்டிருந்தீர்கள். ஆங்கிலம் வழியாக யோசிப்பதால் வரும் வினை அது. தமிழிலேயே யோசியுங்கள். நாம் ‘மூன்றில் இரண்டு’ என்கிறோம். சீனரும் கீழ் எண்ணைத்தான் முதலில் சொல்வார்கள்: ‘ஸான் ஃபன் ஜி அர்’. ஸான் மூன்று, அர் இரண்டு, நடுவில் வரும் ‘ஃபன் ஜி’ நம் ‘மூன்றில்’ என்பதில் உள்ள ‘இல்’ போல. பொருட்களை எண்ணும்போது இரண்டுக்கு ‘லியாங்’ என்று பழகியிருப்பீர்கள். பின்னத்தில் அது வராது.

சதவீதத்துக்குக் கீழ் எண் நூறு, அதாவது ‘பை’. 20% என்பது ‘பை ஃபன் ஜி அர்ஷி’. தசமப் புள்ளி ‘தியன்’. அதற்குப் பின் வரும் இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். 3.25% என்றால் ‘பை ஃபன் ஜி ஸான் தியன் அர் வூ’.

கடையில் யாரும் இவ்வளவு நீட்டுவதில்லை. கமிஷன் பேச்சில் ‘ஸான் க தியன்’ என்றால் 3%. நடுவில் இருக்கும் ‘க’வை விழுங்கிவிட்டால் மணி மூன்று! பத்தில் ஒரு பங்கு ‘ச்செங்’, ஆகவே ‘ஸான் ச்செங்’ 30%.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது தள்ளுபடியில். ‘தா பா ஜெ’ என்பதில் வரும் எட்டு, நீங்கள் கொடுக்க வேண்டிய பங்கு. 100 யுவான் பொருளுக்கு 80 யுவான். ‘பா வூ ஜெ’ என்றால் 85. எண் குறையக் குறையத்தான் உங்களுக்கு லாபம். 10% குறைக்கச் சொல்ல ‘ஜியோ ஜெ’, அதாவது ஒன்பது, என்று கேளுங்கள். ‘யீ ஜெ’ என்றால் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கேட்கிறீர்கள். சிரித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்கள்.

விலை ஏற்ற இறக்கத்தில் ‘ல’, ‘தாவ்’ இரண்டையும் கூர்ந்து கேளுங்கள். ‘ஜியாங் ல ஸான் ச்செங்’ என்றால் 30% இறங்கியது, 100 யுவான் 70 ஆனது. ‘ஜியாங் தாவ் ஸான் ச்செங்’ என்றால் பழைய விலையில் 30%க்கே இறங்கிவிட்டது, 100 யுவான் 30 ஆனது. மடங்கு சொல்லும் ‘பெய்’யிலும் இதே கதை: ‘ஜெங்ஜியா ல லியாங் பெய்’ என்றால் 100 முந்நூறாகும், ‘தாவ்’ போட்டால் இருநூறு. பேச்சில் சீனர்களே இதைக் குழப்புவதுண்டு. அதனால் மடங்கு காதில் விழுந்தால் முடிவான தொகையைக் கேட்டுவிடுங்கள்.

அரை என்பது ‘பன்’. ‘பன் க ஷியாவ்ஷி’ அரை மணி நேரம், ‘யீ க பன் ஷியாவ்ஷி’ ஒன்றரை மணி நேரம். லாரிக்காரரிடம் பேசும்போது இந்த வித்தியாசம் தெரியவேண்டும். பால் டீக் கடையில் ‘ஸான் ஃபன் தாங்’ என்பது 30% சர்க்கரை. அங்கே ‘ஜி’ சேர்க்க மாட்டார்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது 30% முன்பணம் என்றால் எந்தத் தொகையில் 30% என்று கேளுங்கள்: சரக்கு விலையிலா, லாரி வாடகையும் சேர்த்தா? முன்பணம், பாக்கி இரண்டையும் யுவானில் கால்குலேட்டரில் அடித்துக் காட்டச் சொல்லி, அதே எண்களை வீசாட் என்ற சீனச் செய்திச் செயலியிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.